அறுபது வயதுக் கிற்றாரும் வன்னி மாரியும்
வாசகர் கேள்வி – பதில்

வீணைக்கு மெழுகு வைப்பது பற்றி எழுதியதன் பின் வந்த கடிதங்களில் ஆறு, கையால் செய்த பழைய கிளாசிக்கல் கிற்றாரைப் பற்றியவை. எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம். வீணை, வயலின்காரர் புழங்கும் மெட்டு (கழுத்தின் குறுக்குக் கம்பி), குதிரை (முகப்பலகையில் நரம்பைக் கட்டும் கட்டை), பிருடை (நரம்பை முறுக்கும் திருகு) என்ற சொற்களையே இங்கும் பயன்படுத்துகிறோம். குதிரையின் மேல் நரம்பு தாங்கி நிற்கும் வெள்ளை எலும்புத் துண்டு மட்டும் 'சாடில்'.

கேள்வி: ஜேர்மனியில் இருந்த பெரியப்பா ஊரோடு வந்தபோது ஒரு கிற்றாரும் கொண்டுவந்தார். உள்ளே 'ஹேர்மன் ஹவுசர், 1958' என்று லேபல் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் கோடிக்கணக்கில் போகும் என்கிறார். கிளிநொச்சியில் ஒருவர் சும்மா பழசு என்கிறார். யாரை நம்புவது? (ஒட்டுசுட்டான்)

பதில்: இரண்டு பேரையும் நம்பவேண்டாம். லேபலையும் நம்பவேண்டாம். லேபல் ஒரு கடதாசித் துண்டுதான், யாரும் ஒட்டலாம். அதிலும் உங்கள் லேபலில் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்பானியக் கிற்றார் மேதை செகோவியா 1937 முதல் 1962 வரை வாசித்த, இப்போது நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் கிற்றாரைச் செய்த ஹேர்மன் ஹவுசர் 1882இல் பிறந்து 1952இல் காலமானவர். 1958 என்ற ஆண்டு உண்மையானால் அது மகன் இரண்டாம் ஹவுசரின் (1911–1988) வேலையாக இருக்கவேண்டும். அதுவும் மதிப்பான வாத்தியமே. ஆனால் 'செகோவியாவின் ஹவுசர்' என்று சொல்லி யாராவது விலை பேசினால் அவருக்கு விஷயம் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

லேபலை விட்டுவிட்டு மரத்தைப் பாருங்கள். வேண்டியவை ஒரு சிறு ரோச் லைற், பல் வைத்தியர் வைத்திருப்பது போன்ற கைபிடிக் கண்ணாடி, அளவுநாடா, காசுத்தாள் பார்க்கும் ஊதா லைற். நரம்பைக் கழற்றத் தேவையில்லை. இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தினால் கண்ணாடி உள்ளே போகும்.

முதலில் ஒலித்துளையின் விளிம்பு. முகப்பலகையின் நார்க்கோடு மேலிருந்து விளிம்பு வழியே கீழ்வரை அறாமல் இறங்கினால் முழுப்பலகை. குறுக்கும் நெடுக்குமாக அடுக்குத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: நல்ல கைவேலைக் கிற்றார்களிலும் துளையைச் சுற்றி அடிப்பக்கம் வலுவுக்கு ஒரு பட்டை ஒட்டியிருப்பார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு அடுக்குப்போலத் தோன்றும். மேலே உள்ள 2 முதல் 2.5 மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள்.

அடுத்து கண்ணாடியை உள்ளே விட்டு முகப்பலகையின் அடிப்பக்கம். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அல்மெரியாவைச் சேர்ந்த கிற்றார் தச்சர் அன்ரோனியோ டி தோரெஸ் (1817–1892) நிலைநிறுத்திய முறையில், ஒலித்துளைக்குக் கீழே ஏழு மெல்லிய சட்டங்கள் விசிறிபோல விரிந்திருக்கும். கைவேலையில் அவற்றின் நுனிகள் உளியால் சரிவாக இழைக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் காட்டும். ஏணிப்படிபோலக் குறுக்குச் சட்டங்கள் மட்டும் இருந்தால் மலிவுத் தொழிற்சாலை வேலை என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியே கண்ணாடியைக் கழுத்துப் பக்கம் திருப்புங்கள். கழுத்தின் மரம் உள்ளே நீண்டு, முதுகுப்பலகையில் பாதம்போல ஊன்றி நிற்கவேண்டும். கழுத்தையும் உடலையும் ஒன்றாகக் கட்டும் ஸ்பானிய முறையின் அடையாளம் அது. தலையும் கழுத்தும் சேருமிடத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஹவுசர் வேலையில் அங்கே 'வி' வடிவப் பொருத்து இருக்கும். சாய்வாக ஒரு கோடு மட்டும் ஓடினால் சந்தேகம் கொள்ளுங்கள்.

தலைச்சட்டத்திலிருந்து, அதாவது தலையும் கழுத்தும் சேருமிடத்தில் நரம்பைத் தாங்கும் துண்டிலிருந்து, 12ஆவது மெட்டுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 650 மில்லிமீற்றர் வழக்கமானது. 664 வந்தால் 1960களின் மட்ரிட் பாணி, அங்கே கிற்றார் செய்த மூன்றாம் ஹோசே ராமிரெஸ் பிரபலமாக்கிய நீளம்.

இரவில் லைற்றை அணைத்துவிட்டு ஊதா லைற்றைப் பிடியுங்கள். பழைய அரக்குப் பூச்சு, அதாவது பிரெஞ்ச் பொலிஷ், செம்மஞ்சளாக ஒளிரும். நைற்றோ லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். செம்மஞ்சளின் நடுவே இருண்ட திட்டு இருந்தால் அங்கே யாரோ பின்னர் கைவைத்திருக்கிறார்.

இவ்வளவும் சரிவந்தால் படம் எடுத்து, பழைய கிற்றார் விற்கும் ஐரோப்பிய வியாபாரிகள் இரண்டு பேருக்காவது அனுப்புங்கள்: முன், பின், தலை இரு பக்கம், ஒலித்துளையைச் சுற்றிய ரோசா வளையம் கிட்டவாக, லேபல், உட்சட்டங்கள், குதிரை, ஒவ்வொரு வெடிப்பும். விலை மிகப் பெரியதென்றால் முகப்பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி, அந்த மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதுவரை எதையும் துடைக்கவேண்டாம், பொலிஷ் போடவேண்டாம், பிருடை மாற்றவேண்டாம்.

கேள்வி: ஐப்பசி பிறந்தால் என் கிற்றாரின் நரம்பு மெட்டிலிருந்து உயர்ந்துவிடுகிறது, விரல் நோகிறது. சோழகம் வீசத் தொடங்கினால் தானாக இறங்குகிறது. கழுத்து வளைகிறதா? உள்ளே முறுக்காணியைத் தேடினேன், காணவில்லை. (புதுக்குடியிருப்பு)

பதில்: முறுக்காணி இல்லை, தேடவேண்டாம். உலோக நரம்புக் கிற்றாரின் கழுத்துக்குள்தான் கழுத்தை நேராக்கும் அந்தக் கம்பி இருக்கும். பழைய கிளாசிக்கலில் மரத்தின் பலமே கணக்கு. உங்கள் வாத்தியத்தில் அசைவது பெரும்பாலும் கழுத்தல்ல, முகப்பலகை.

மாரியில் இங்கே இரவுக் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. கிற்றார் செய்தவர் தன் பட்டறையை 45–55 வீதத்தில் வைத்துச் செய்திருப்பார். மரம் நார்க்கோட்டுக்குக் குறுக்கேதான் உப்பும். முகப்பலகையின் அகன்ற இடம் 36 சென்ரிமீற்றர் என்றால், 50 வீதத்திலிருந்து 80 வீதத்துக்குப் போகும்போது அது 3 மில்லிமீற்றர் அளவுக்கு அகலப் பார்க்கும். பக்கப்பலகைகள் விடா. ஆகவே மேல்நோக்கிப் புடைக்கும், குதிரையும் சேர்ந்து உயரும்.

சோதித்துப் பாருங்கள்: ஆறாம் நரம்பை 1ஆம் மெட்டிலும் 12ஆம் மெட்டிலும் ஒரேநேரம் அழுத்தி, 6ஆம் மெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பார்க்கவேண்டும். ஒரு விசிற்றிங் காட் இறுக்கமாக நுழைந்தால் கழுத்து நன்றாக இருக்கிறது. மூன்று நான்கு காட் போனால்தான் கழுத்துப் பிரச்சினை. அடுத்து அழுத்தாமல் 12ஆம் மெட்டில் அளவுகோல் வையுங்கள். ஆறாம் நரம்பு 4 மில்லிமீற்றர், முதல் நரம்பு 3 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சரி. 5ஐத் தாண்டினால் உடலில் ஈரம் ஏறிவிட்டது.

பழைய சாடிலைத் தேய்க்கவே கூடாது. மாட்டெலும்பில் இன்னொன்று செய்வித்து மாரிக்கு அதைப் போடுங்கள், கோடைக்குப் பழையதைப் போடுங்கள். 12ஆம் மெட்டில் 1 மில்லிமீற்றர் குறைய, சாடிலில் 2 மில்லிமீற்றர் குறைக்கவேண்டும். பலர் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள்.

சாடில் மாற்றினாலும் ஈரம் அங்கேயே இருக்கும். அதை இறக்க நல்ல இறுக்கமான மரப்பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். எவ்வளவு? ஒன்றரைக் கிலோ மரம் 80 வீதக் காற்றிலிருந்து 50 வீதத்துக்கு இறங்க ஏறத்தாழ 90 கிராம் தண்ணீரை விடவேண்டும். 50 வீதத்தில் சிலிக்கா தன் எடையில் கால்வாசியைப் பிடிக்கும். ஆகவே ஏறத்தாழ 360 கிராம் வேண்டும், பெட்டி ஒழுகுவதையும் சேர்த்தால் அரைக் கிலோ. சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சின்னப் பைக்கற்று இரண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை. அரிசி முடிச்சும் வேண்டாம், ஈரத்தைவிட வண்டைத்தான் அது கூடக் கொண்டுவரும்.

அரைக் கிலோவையும் ஒரே நாளில் போடாதீர்கள். நான்கு துணிப்பைகளாகப் பிரித்து, முதல் வாரம் இரண்டு, பிறகு மற்றவை. சட்டென்று காய்ந்தால் உப்பிய பலகை வெடிக்கும். ஈரமானி 48 காட்டும்போது ஒரு பையை வெளியே எடுங்கள். செம்மஞ்சள் நிறச் சிலிக்கா நிறம் மாறியதும் 120 பாகை அவணில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். நீல நிறத்தில் கோபால்ற் சேர்ந்திருக்கிறது, சமையல் அவணில் அதை வைக்கவேண்டாம்.

மலிவு ஈரமானிகள் 10 வீதம்கூடப் பிழை காட்டும். அதைச் சரிபார்க்க உப்பே போதும். போத்தல் மூடியில் உப்பு வைத்து, ஈர மணல்போல ஆகும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துப் பொலித்தீன் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்டவேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிக்கொள்ளுங்கள். ஆனையிறவுப் பக்கம் மூட்டையில் வாங்கிய கல்லுப்பு இதற்குச் சரிவராது. அதிலுள்ள மக்னீசிய உப்பு வேறு அளவில் ஈரத்தை இழுக்கும். பைக்கற்றில் வரும் தூள் உப்பையே எடுங்கள்.

சிலிக்கா கிடைக்காதவர்கள் பழைய கமெராக்காரர் செய்ததைச் செய்யலாம். மூடிய அலுமாரியின் அடித்தட்டில் சூடாகும் பழைய வகைக் குமிழ் ஒன்று, கிற்றார் மேல் தட்டில். 28 பாகையில் 85 வீதமாக இருக்கும் காற்றை 31 பாகைக்குச் சூடாக்கினாலே 72க்கு இறங்கும். எல்ஈடி குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. இதற்கு அது உதவாது.

கடலுக்குக் கிட்ட என்பதால் ஒன்று கூடுதலாக. தாழ் நரம்புகளின் செப்புச் சுற்று உப்புக் காற்றில் கறுத்து, ஒலி மந்தமாகும். வாசித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு நரம்பையும் கீழிருந்து மேல்வரை இழுத்துத் துடையுங்கள். பெட்டியை மண்நிலத்திலோ மாரியில் நனையும் வெளிச்சுவரை ஒட்டியோ வைக்கவேண்டாம். கறையான் ஒரு கிழமைக்குள் அடியிலிருந்து ஏறிவிடும்.

கேள்வி: நைலோன் நரம்பின் சத்தம் காணாது என்று கடையில் கம்பி நரம்பு போட்டுவிட்டார்கள். இப்போது குதிரையின் பின்பக்கம் பிளந்து நிற்கிறது. அரல்டைட் போடலாமா? (மாங்குளம்)

பதில்: இதை வாசிக்கும்போதே போய் நரம்பைத் தளர்த்துங்கள். மிச்சத்தை வந்து வாசிக்கலாம்.

நைலோன் நரம்பு ஆறும் சேர்ந்து 40 கிலோ அளவில் இழுக்கும். சாதாரண உலோகத் தொகுதி 70 கிலோவைத் தாண்டும். முகப்பலகை, சட்டங்கள், குதிரையின் பசை எல்லாம் 40க்கே கணக்கிடப்பட்டவை. நைலோன் வந்ததே 1940களில், நியூயோர்க்கில் அல்பேர்ட் ஒகஸ்ரின் செய்த வேலையால். அதற்கு முன் ஆட்டுக்குடல் நரம்பு. தாழ் நரம்புகளின் மேற்சுற்றைத் தவிர, உலோகக் கம்பிக்கு இந்த வாத்தியத்தில் இடமே இருந்ததில்லை. கடைக்காரருக்குத் தெரியாமல் போனதை நாம் விளங்கிக்கொள்ளலாம், பலகைக்கு அது விளங்காது.

அரல்டைட், சுப்பர் குளூ, வெள்ளைப் பசை மூன்றும் வேண்டாம். அரல்டைட் ஒருமுறை ஏறினால் பின்னர் முகப்பலகையின் நாரைப் பிய்க்காமல் குதிரையைக் கழற்ற முடியாது. வெள்ளைப் பசை வெயிலில் இளகி, குதிரை நாளுக்கு நாள் முன்னே நகரும். பழைய தச்சர் வச்சிரமே (விலங்குத்தோல் பசை) சரி. சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகுவதால், அடுத்த தலைமுறைத் திருத்துநர் அழகாகக் கழற்ற முடியும்.

அரிய வாத்தியமென்றால் இதை நீங்களே செய்யவேண்டாம். ஆனால் செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரியவேண்டும். பாதி பிளந்த இடத்துக்குள் பசையைத் திணிப்பவரை நம்பாதீர்கள். உள்ளே பழைய பசைத்தூள் இருக்கும், புதியது பிடிக்காது. சூடாக்கிய மெல்லிய கத்தியை நார் ஓடும் திசையில் செலுத்தி, முழுக் குதிரையையும் கழற்றி, இரு முகத்தையும் வெந்நீரில் தோய்த்த துணியால் துடைத்து, மரம் தெரியும்வரை பழைய பசையை எடுக்கவேண்டும். 20 கிராம் வச்சிரம், 35–40 மில்லிலீற்றர் குளிர்ந்த நீர், ஒரு மணித்தியாலமாவது ஊறல். பிறகு நேரடி நெருப்பில் அல்ல, தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து 60–63 பாகை. 70க்குப் போனால் பிடிப்புக் குறையத் தொடங்கும். தூரிகையைத் தூக்கினால் அறாமல் தேன்போல ஓடவேண்டும். குதிரையையும் மெல்லச் சூடாக்கிக்கொண்டு, உள்ளே சட்டங்களுக்கு இடம்விட்டுச் செதுக்கிய தாங்குகட்டை வைத்து மூன்று பிடிகளால் இறுக்குவார்கள். குளிர்நாட்டுப் பட்டறையில் பசை அரை நிமிடத்தில் உறைந்துவிடுமென்று அவசரப்படுவார்கள். நமது 33 பாகையில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், வெப்பத்தால் நமக்கு வரும் ஒரே நன்மை அதுதான். 24 மணித்தியாலம் பிடியில், மாரியில் இரண்டு நாள். மூன்றாம் நாளுக்குப் பின் நைலோன் நரம்பு போட்டு முதல் நாள் அரைச் சுருதி.

அதே வச்சிரம்தான் வாகனத்தின் பின்னால் வெயிலில் விட்ட கிற்றாரைக் கலைத்துப்போடுவதும். பூட்டிய வான் மதியத்தில் 60 பாகைக்குப் போகும். ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் கீழே பொதியறையில் போடுவதும் அப்படியே.

கேள்வி: முகப்பலகையில் கை வைத்த அடையாளம் ஒட்டும்பசையாக நிற்கிறது. துடைத்தால் கூடுகிறது. (செட்டிகுளம்)

பதில்: நுளம்பு எண்ணெய் பூசிய கையால் தொட்டிருப்பீர்கள். அதில் டீட் என்ற இரசாயனம் இருந்தால் அரக்குப் பூச்சைக் கரைக்கும். தொடாமல் சில நாள் காற்றோட்டமாக விடுங்கள், இறுகும். அடையாளம் நிற்கும், அதைத் திருத்துநர் பார்க்கட்டும். ஸ்பிரிட், தளபாடப் பொலிஷ், கார் மெழுகு எதுவும் வேண்டாம். துடைக்க, பல தடவை துவைத்த பருத்தி வேட்டித்துண்டு போதும். தச்சரைக் கூப்பிட்டு முழுக்கச் சுரண்டிப் புதுப் பொலிஷ் போட்டால் பளபளக்கும், ஆனால் அரிய வாத்தியத்தின் விலை அந்தப் பின்னேரமே விழுந்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு முதிரை யன்னல் நிலைகள் கிடக்கின்றன. அதில் கிற்றார் செய்யலாமா? (மல்லாவி)

பதில்: முதுகுக்கும் பக்கத்துக்கும் அருமையான மரம். ஐம்பது வருடம் காய்ந்ததென்றால் வாங்கிய மரத்தைவிட நல்லது. மரம் வெட்ட அனுமதி தேடும் தொல்லையும் இல்லை. முதுகுக்கு 540க்கு 200 மில்லிமீற்றரில் இரண்டு துண்டு, பக்கத்துக்கு 800க்கு 110இல் இரண்டு துண்டு வேண்டும். யன்னல் நிலை அவ்வளவு அகலம் வராது. ஆகவே முதுகை மூன்று அல்லது நான்கு துண்டாகச் சேருங்கள், அது குறையல்ல. ஆண்டு வளையம் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும்படி அரிய வேண்டும். அரியமுன் ஒவ்வொரு பழைய ஆணித்துளையையும் காந்தத்தால் தடவிப் பாருங்கள்.

முதிரைத் தூள் தோலில் பட்டால் பலருக்குக் கடித்துச் சிவக்கும், மூச்சுக்கும் ஆகாது. முகமூடியும் நீட்டுக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்க்கவேண்டாம். விரற்பலகைக்குப் பழைய கருங்காலித் துண்டு இருந்தால் அதற்கு மிஞ்சியதில்லை. பாலை வேண்டாம், பாரம்.

முகப்பலகைக்கு வன்னிக் காட்டில் மரம் இல்லை. கன மீற்றருக்கு 350–450 கிலோ மட்டும் நிறுத்து, நீளவாக்கில் கம்பிபோல விறைப்பாக இருக்கவேண்டும். குளிர்நாட்டு ஸ்புரூஸ், அல்லது ராமிரெஸ் 1960களில் கொண்டுவந்த செந்நிறச் சீடர்தான். அதை மட்டும் வரவழையுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தங்கைக்குப் பழைய கிற்றாரை அனுப்பலாமா? பின்பலகை பிரேசில் ரோஸ்வூட் என்கிறார்கள். (கிளிநொச்சி)

பதில்: அப்படியே பார்சல் போட்டால் சுங்கத்தில் நிற்கும், பறிபோகவும் கூடும். பிரேசில் ரோஸ்வூட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில், யானைத் தந்தத்தோடு ஒரே வரிசையில் இருக்கிறது. அதற்கு முன் செய்த வாத்தியமென்று நிரூபித்தால் சான்றிதழ் பெறலாம். இலங்கையில் விண்ணப்பிக்கவேண்டியது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. அவர்கள் முதலில் கேட்கக்கூடியது, இது நாட்டுக்குள் வந்தபோது அனுப்பிய நாடு கொடுத்த பத்திரம். அதை உறவினரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பழைய பற்றுச்சீட்டு, லேபல் படம், ஆண்டு தெரியும் குடும்பப் படம் எல்லாம் உதவும்.

முதலில் அது பிரேசில் மரம்தானா என்று உறுதிசெய்யுங்கள். 1970களுக்குப் பிந்திய கிற்றார்களில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வூட்டான ஈட்டியே. நேர்கோடாக, ஊதா கலந்த மண்ணிறமாக இருக்கும். பிரேசில் மரத்தில் சிலந்திவலைபோலக் கறுப்புக் கோடுகள் வளைந்தோடும். ஈட்டியில் செய்த முடிந்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் 26 முதல் சைற்றிஸ் பத்திரம் தேவையில்லை.

சாடிலையும் தலைச்சட்டத்தையும் பாருங்கள். அந்தக் காலத்தவை சில தந்தம். உருப்பெருக்கியால் பார்த்தால் எலும்பில் மிளகுத்தூள் தூவியதுபோலச் சிறு கரும்புள்ளித் துளைகள் தெரியும். தந்தத்தில் துளை இராது, வெட்டுமுகத்தில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் இருக்கும். சாடில் தந்தமென்றால் கழற்றுவது எளிது: அது ஒட்டப்பட்டதல்ல, நரம்பைத் தளர்த்தினால் கையோடு வரும். எலும்பில் ஒன்று செய்து போட்டுவிட்டு, பழையதை உறையிலிட்டு இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தலைச்சட்டம் துளிப் பசையால் நிற்கும். அதைச் சுத்தியலால் தட்டாமல் திருத்துநரிடம் விடுங்கள்.